ஒரு நாள் ஹர்த்தால்

2021-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி அமெரிக்காவிலும் வேறு சில தேசங்களிலும் விநோதமான ஹர்த்தால் ஒன்று நடந்தது. கடைவீதி எதுவும் மூடப்படவில்லை, ஆலைச் சங்கு நிற்கவில்லை, ரயில்களும் ஓடின. 'ட்விட்ச்' என்னும் கம்பெனியின் இணைய அரங்கில் தினந்தோறும் விளையாடியும் பாடியும் பேசியும் நேயர்களை மகிழ்வித்து வந்தவர்களில் ஒரு பகுதியார், அன்று காட்சி நடத்தாமல் இருந்துவிட்டார்கள். அவர்களுடைய நேயர்களும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நடந்தது இவ்வளவுதான். விளையாட்டுப் பிள்ளைகளின் சச்சரவு என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. நாம் அப்படிக் கருதவில்லை. நிறத்துவேஷத்தையும், திருநங்கையர் திருநம்பியர்மீது காட்டப்படும் துவேஷத்தையும் ஒரு சமூகத்தார், சர்க்காரை எதிர்பாராமல் தாங்களே எதிர்த்து நின்ற வரலாறு அது. பொது வாழ்வில் ஈடுபட்டவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய விஷயங்கள் அதில் உண்டு.

ட்விட்ச் கம்பெனி 2014 முதல் அமேஸான் முதலாளிகளுக்குச் சொந்தமானது. அங்கே காட்சி நடத்துவோருக்கு நேயர்கள் மாதச் சந்தா கட்டுவார்கள். அக்காலத்தில் அமெரிக்காவில் ஒரு சந்தா ஐந்து டாலருக்கு ஒரு ஸென்ட் குறைவு. பெரும்பாலோருடைய சந்தாவில் பாதியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, விளைச்சல் பாதிக்குப் பாதி என்னும் வாரச் சாகுபடி நம் மிராசுதார்களுக்குப் புதிதல்ல. காட்சி முடிந்ததும் ஒருவர் தம்மிடம் கூடியிருக்கும் நேயர்களை அப்படியே இன்னொருவருடைய அரங்குக்கு அனுப்பிவைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அதற்கு 'ரெய்டு' என்று பெயர். பெயர்தான் படையெடுப்பு, காரியமோ, விருந்தாளிகளை அடுத்த வீட்டுக்கு அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைப்பதைப் போன்றது.

இந்த நல்ல வழக்கத்தைத்தான் துஷ்டர்கள் ஆயுதமாக்கிக்கொண்டார்கள். 2021 மே மாதத்தில் கம்பெனியார் 350-க்கு மேற்பட்ட அடையாளச் சீட்டுக்களைப் புதிதாக ஏற்படுத்தினர். கறுப்பர், திருநர், மாற்றுத்திறனாளி என்றெல்லாம் காட்சி நடத்துவோர் தம்மை அறிவித்துக்கொள்ளலாம். ஒத்த மனமுடைய நேயர்கள் அவர்களைத் தேடிக் கண்டுகொள்ளலாம். இப்படிப்பட்ட சீட்டு வேண்டுமென்று முதலில் கேட்டவர்கள் திருநர்களே என்று கம்பெனியார் நன்றியுடன் குறிப்பிட்டார்கள். கேட்டதில் தவறில்லை. ஆனால் நண்பனுக்கு வழிகாட்ட நாட்டிய கம்பம் வேட்டைக்காரனுக்கும் வழிகாட்டிற்று. சீட்டைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்து, மனிதரே இல்லாத யந்திரக் கணக்குகளை நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் அந்த அரங்கினுள் ஏவி, கறுப்பரையும் திருநரையும் இழித்துரைக்கும் வார்த்தைகளால் உரையாடல் பகுதி முழுவதையும் நிரப்பினார்கள். சிலருடைய வீட்டு விலாசத்தையும் பகிரங்கப்படுத்தினார்கள். சிறு அரங்கை நடத்தி, பத்து இருபது நேயர்களோடு மாலைப் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்த ஒருவர்மீது இந்த வெள்ளம் பாய்ந்தால் அவர் என்ன செய்வார்? கருவியை அணைத்துவிட்டு வெளியேறுவார். ஏவியவர்களின் நோக்கமும் அதுவே.

நிறத்துவேஷத்துக்கும் பால்துவேஷத்துக்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டதை நம் தேசம் கண்டிருக்கிறது. 1871-ல் ஆங்கில ஆட்சியார் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் முதற் பாகம், முழு ஜாதிகளையே பிறவிக் குற்றவாளிகளென்று பதிவு செய்ய வகை செய்தது. அதே சட்டத்தின் இரண்டாம் பாகம் அலிகள் என்று அவர்கள் அழைத்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிற்று. பதிவேறியவர் பெண்ணுடையில் பொது வீதியில் தோன்றினாலும், ஆடினாலும் பாடினாலும், வாரண்டு இன்றிக் கைது செய்யலாம்; இரண்டு வருஷம் வரை சிறையிலிடலாம். அவர் உயில் எழுதக்கூடாது, குழந்தைக்குக் காப்பாளராகக்கூடாது, புத்திர சுவீகாரம் செய்துகொள்ளக்கூடாது. மனிதர் செய்த காரியத்தை விட்டுவிட்டு, அவர் பிறந்த குலத்தையும் உடுத்தும் உடையையும் பார்த்துத் தண்டிப்பது என்னும் ஒரே புத்தியே இரண்டு பாகங்களையும் எழுதிற்று. அந்தச் சட்டத்தின் 1911-ம் வருஷத்து வடிவம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டதையும், அதில் பலர் மாண்டதையும் மதுரை ஜில்லாவாசிகளுக்கு நாம் ஞாபகப்படுத்தவேண்டியதில்லை.

ட்விட்ச் விஷயத்துக்குத் திரும்புவோம். ஆகஸ்ட் மாதத்தில் ரெக்கிட்ரேவன் என்ற பெயரால் அறியப்பட்ட கறுப்பினக் காட்சியாளர் ஒருவர், இத்தாக்குதலுக்குத் தாமே திரும்பத் திரும்ப ஆளானபின், கம்பெனியார் செம்மையாக நடந்துகொள்ளவேண்டும் என்ற முழக்கத்தைத் தொடங்கினார். அழுது புலம்பும் மனுவல்ல அது. பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டிவைத்துப் பேசுங்கள். புதுக் கணக்குகள் உரையாடலில் நுழையாதபடி தடுக்க அனுமதியுங்கள். ரெய்டை மறுக்கும் உரிமை கொடுங்கள். ஒரே மின்னஞ்சலைக் கொண்டு கணக்குகளைக் குவிப்பதை நிறுத்துங்கள். எந்தக் கருவி எப்பொழுது வரும் என்று கெடு சொல்லுங்கள் என்று நிறைவேற்றத்தக்க கோரிக்கைகளே கேட்கப்பட்டன. தங்கள் வடிகட்டியில் ஓட்டை இருந்ததென்று கம்பெனியார் ஒப்புக்கொண்டார்கள். அடைத்துவிட்டோம் என்றும் சொன்னார்கள். தாக்குதல் ஓயவில்லை. ரேவன், லூசியா எவர்பிளாக், ஷைனிபென் ஆகிய மூவர் ஒரு நாள் நிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது அதன் பிறகுதான்.

இதற்கிடையில் நடந்த ஒரு காரியத்தை ஹர்த்தாலைவிட மேலாக நாம் மதிக்கிறோம். அரங்குகளில் ஒழுங்கைப் பாதுகாப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். அவர்கள் கம்பெனியின் தயவுக்குக் காத்திராமல், யந்திரக் கணக்குகளின் ஜாபிதாவைத் தயாரித்து ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஆபத்து வந்தவுடன் ஒரே சொடுக்கில் வாசலை அடைக்கும் கருவிகளைத் தாங்களே அமைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். தாக்கப்படாதவர்களும் இதில் சேர்ந்துகொண்டார்கள். நிரபராதியின் பெயரும் அத்தகைய ஜாபிதாவில் ஏறிவிடக்கூடும் என்ற அபாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஜாபிதா என்றாலே எச்சரிக்கை வேண்டும் என்பது நாம் பட்டறிந்த பாடம்.

ஒரு நாள் கடையடைப்பினால் என்ன ஆகும் என்ற பரிகாசமும் அப்பொழுதே எழுந்தது. பெரிய காட்சியாளர்களில் பலர் கலந்துகொள்ளவில்லை. வாடகைக்கு அன்றைய வருமானத்தையே நம்பியிருந்த சிறியவர்கள் கலந்துகொள்ள முடியவில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வராது. 1919 ஏப்ரல் 6-ந் தேதி நடந்த ஹர்த்தாலையும் ஒரு நாள் கூத்து என்று சொன்ன கனவான்கள் இருந்தார்கள். அந்த யோசனை காந்தியடிகளுக்கு உதித்தது சென்னையில் தங்கியிருந்தபொழுதுதான். ஒரு நாள் அடைப்பினால் ரௌலட் சட்டம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் தனித்தனியே முணுமுணுத்தவர்கள், தாங்கள் எத்தனை பேர் என்பதை அன்று எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

இனி, ஆட்சேபங்கள். 'கவனியாமல் இருந்தால் தானே ஓய்ந்துவிடும்' என்று உபதேசிப்பவர்கள் உண்டு. கவனிப்பாரற்றுச் சலித்துப்போவதற்கு அவை மனிதர்களா? யந்திரக் கணக்குக்குச் சலிப்பு ஏது? மௌனத்தை ஏவியவன் பயமென்று எண்ணுகிறான். சுற்றி நின்றவர்களின் மௌனத்தைச் சம்மதமென்று எண்ணுகிறான். தாக்கப்பட்டவரும் அப்படியே எண்ணுகிறார் என்பதுதான் கொடுமை.

'பேச்சுச் சுதந்திரம்' என்பார் வேறு சிலர். பத்திரிகைகளிடம் ஜாமீன் கேட்ட 1910-ம் வருஷத்துச் சட்டத்தைத் தமிழ்ப் பத்திரிகையுலகம் மறந்துவிடவில்லை. இணையத்தில் எழுதியதற்காகச் சாமானியர்களைக் கைது செய்ய உதவிய 66-ஏ பிரிவை 2015 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்ததையும் நாம் வரவேற்கவே செய்கிறோம். ஆகவே இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஒரு கட்சியைக் கண்டித்து எழுதட்டும். ஒரு கொள்கையைப் பரிகசிக்கட்டும். ஆயிரம் குரல்களை வாடகைக்குப் பிடித்து ஒருவரை வாய்திறக்கவொட்டாமல் அடிப்பது எப்படிப் பேச்சாகும்? அது பேச்சை அடக்கும் காரியம். அடக்குகிறவன் சர்க்கார் உத்தியோகஸ்தனாக இராமல் தன் அறையில் ஒளிந்திருக்கும் ஓர் இளைஞனாக இருப்பதனால் அதன் தன்மை மாறிவிடாது.

இன்னொரு யோசனை வெகு நாளாக உலாவுகிறது. எல்லோரும் உண்மைப் பெயரைப் பதிவு செய்துகொண்டே இணையத்தில் நுழையவேண்டுமென்று சட்டம் போட்டால் துவேஷம் அடங்கிவிடுமாம். அதே 2021 ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்டு, ஸாஞ்சோ, ஸாகா ஆகிய மூன்று கறுப்பு இளைஞர்கள் பெனால்டி உதையைத் தவறவிட்டதும் அவர்கள்மீது நிறத்துவேஷ ஏச்சு மாரியாகப் பொழிந்தது. அது சம்பந்தமாக நிரந்தரமாக முடக்கப்பட்ட கணக்குகளில் 99 சதவீதம் ஆள் அடையாளம் தெரியக்கூடியவையே என்று ட்விட்டர் கம்பெனி ஆராய்ந்து சொல்லிற்று. முகமூடி இல்லாமலே ஏசுகிறவனிடம் முகமூடியைக் கழற்றச் சொல்லி என்ன பயன்? நஷ்டப்படுகிறவர்கள் வேறு. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் வாழ்வில் ஒரு பெயருமாக இருக்கும் திருநங்கை, அந்தப் பழைய பெயரோடுதான் நுழையவேண்டும் என்றால், மறுபடியும் 1871-ம் வருஷத்து ஏடு அவர் முன் விரிக்கப்படுகிறது.

சட்டமே வேண்டாம் என்பது நம் கருத்தல்ல. திருநர்களுக்குச் சம உரிமை உண்டென்று 2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2019-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், அவர்களை வாய்ச்சொல்லால் துன்புறுத்துவதையும் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை தண்டிக்கத்தக்க குற்றமாக்கிற்று. ஆனால் நடு இரவில் பாயும் ஆயிரம் கணக்குகளுக்கு எதிராக எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பது? அந்த நிமிஷத்தில் உதவக்கூடியவர்கள் கூடவிருக்கும் நேயர்களே.

நம்மவர் நிலையையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். அமெரிக்கர்களின் துவேஷத்தைப் படித்துத் தலையசைக்கும் தேசபக்தர், தாம் நிர்வகிக்கும் வாட்ஸாப் குழுவில் வடநாட்டுக் கூலியாளைப் பற்றியோ, திருநங்கையைப் பற்றியோ கேலிச் சித்திரம் வந்தால் என்ன செய்கிறார்? சிரிக்காவிட்டாலும் பேசாமல் இருந்துவிடுகிறார். அனுப்பியவர் உறவினராகவோ கட்சித் தோழராகவோ இருப்பதுதான் காரணம். 'இதை இங்கே போடாதேயும், ஐயா' என்று ஒரு வரி எழுதுவதற்கு அபாரத் தியாகம் தேவையில்லை. அந்தக் குழுவில் வாய்திறவாமல் இருக்கும் யாரோ ஒருவருடைய மகனோ மகளோ திருநராக இருக்கக்கூடும்; அந்த ஒரு வரிக்காக அவர் வெகு நாள் காத்திருந்திருக்கக்கூடும்.

ஹர்த்தாலுக்குப் பின் நடந்தவற்றையும் சொல்லி முடிப்போம். எட்டு நாள் கழித்து, நெதர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் இருந்ததாகக் கருதப்பட்ட இருவர்மீது கம்பெனி கலிபோர்னியா கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. அவர்களில் ஒருவர்மட்டும் சுமார் 3,000 யந்திரக் கணக்குகளுக்குப் பொறுப்பாளி என்பது குற்றச்சாட்டு. செப்டம்பர் 29-ந் தேதி, தொலைபேசி எண்ணைச் சரிபார்த்த பிறகே உரையாட அனுமதிக்கும் வசதியைக் காட்சியாளர்கள் கையில் கொடுத்தார்கள்; வேண்டியவர் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம். ஓர் எண்ணுக்கு ஐந்து கணக்கு வரை இடம் உண்டு. தாக்குதல் வந்தவுடன் ஒரே சொடுக்கில் அரங்கைக் காக்கும் 'ஷீல்டு மோட்' என்ற ஏற்பாடு 2022 நவம்பர் மாதக் கடைசியில் வந்தது. தொண்டர்கள் தங்கள் சொந்தச் செலவில் பதினைந்து மாதங்களுக்கு முன்பே செய்து வைத்திருந்ததும் ஏறக்குறைய அதுதான்.