விரல்களும் குரங்கு ஆய்வும்

புதிய மருந்துகளுக்கான விலங்குச் சோதனைகளைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனமும் அதே மாதத்தில் மனிதரை மையமாகக் கொண்ட ஆய்வுகளுக்கு முன்னுரிமை தருவதாகக் கூறியது. இந்தியாவும் 2023-இல் விதிகளைத் திருத்தி, விலங்குகளைப் பயன்படுத்தாத சோதனை முறைகளுக்கு இடமளித்தது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால், பக்கவாதத்தால் கை செயலிழந்தவருக்கு இதனால் என்ன விளையும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூளையின் மேற்பரப்பிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் இயக்க நரம்புப் பாதையே விரல்களை ஆள்கிறது. மனிதரிலும் மக்காக் குரங்கிலும் அதன் இழைகளில் ஒரு பகுதி, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை நேரடியாகச் சென்றடைகிறது. எலியில் இடையில் வேறு நரம்பணுக்கள் தேவைப்படுகின்றன. இப்பாதை துண்டிக்கப்பட்ட குரங்குகள் மீண்டும் ஓடின, ஏறின. விரல்களைத் தனித்தனியே அசைக்கும் திறன் மட்டும் திரும்பவில்லை. இதை லாரன்ஸும் கைப்பர்ஸும் 1968-இல் காட்டினர். எனவே, இவ்வகை ஆய்வில் குரங்கின் இடத்தை எலியால் நிரப்ப இயலாது.

அப்படியானால் மனிதரையே ஆராயலாமே? நீர் மூலக்கூறுகள் பரவும் திசையை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறை, இரு இனங்களின் மூளைகளையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட உதவுகிறது. ஆயினும், அது நரம்பிழைகளை நேரில் காண்பதில்லை, ஊகிக்கிறது. இழைகள் குறுக்கிடும் இடங்களில் தடுமாறுகிறது. எளிய கணக்கீட்டில் காலுக்கான பாதை தெளிவாகத் தெரியும்; கைக்கும் முகத்துக்குமான பாதைகள் மறைந்துவிடும். நுட்பமான கணக்கீடுகள் அவற்றை மீட்கும்போது, இல்லாத பாதைகளையும் சேர்த்து வரைந்துவிடுவதுண்டு. எது மெய், எது பொய் என்பதைச் சொல்வது, உயிருள்ள குரங்கின் மூளையில் தடங்காட்டும் பொருளைச் செலுத்திப் பின்னர் அதைக் கொன்று வரைந்த வரைபடமே. மனிதரிடம் இது இயலாது.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இச்சிக்கல் புதிதன்று. முழுக் கணக்கெடுப்பை ஒதுக்கிவிட்டால், மாதிரிக் கணக்கெடுப்பின் பிழையைத் திருத்த வழியில்லை.

இதைக் காட்டிக் குரங்கு ஆய்வை முன்போலவே தொடரலாம் என்பது என் வாதமன்று. பல்லாண்டுகளாகச் சேர்ந்த வரைபடங்கள் எல்லா ஆய்வாளர்களுக்கும் திறக்கப்பட வேண்டும். அவற்றால் விடை கிடைக்காத கேள்விக்கு மட்டுமே புதிய குரங்கு அனுமதிக்கப்பட வேண்டும். ஆய்வை முற்றாக நிறுத்தும் நாளை நாட்காட்டி முடிவு செய்யக் கூடாது. கைக்கான பாதையைப் பிழையின்றிக் காட்டும் படமே முடிவு செய்ய வேண்டும்.