கணக்கில் பிழையில்லை!

பேராசையைப் பற்றிய படம் என்றால் கொள்ளைக்காரனோ கள்ளநோட்டுக்காரனோ வருவான் என்று எதிர்பார்ப்போம். ஜே.சி. சாண்டர் எழுதி இயக்கி 2011-இல் வெளிவந்த ‘மார்ஜின் கால்’ என்னும் அமெரிக்கப் படத்தில் வருபவனோ நம்மைப் போன்றவன், விஞ்ஞானம் கற்றவன்!

2008-ஆம் ஆண்டு நிதிச் சரிவின் தொடக்கத்தில் நடக்கும் கதை. நியூயார்க்கில் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம். வேலைநீக்கம் செய்யப்பட்ட மேலதிகாரி அரைகுறையாக விட்டுச்சென்ற கணக்கை, இளைஞன் பீட்டர் சல்லிவன் இரவோடிரவாக முடிக்கிறான். உந்துவிசைப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவன் அவன். வீட்டுக் கடன்களைச் சேர்த்துக் கட்டி விற்கும் பத்திரங்களின் விலை நான்கில் ஒரு பங்கு சரிந்தாலே, நட்டம் நிறுவனத்தின் மொத்த மதிப்பையும் விழுங்கிவிடும் என்று கண்டுபிடிக்கிறான்.

கணக்கில் பிழையில்லை. கிடைத்த உண்மையை வைத்து என்ன செய்தார்கள்? ஊரை எச்சரித்தார்களா? இல்லை! மற்றவர் விழிக்குமுன் மக்கிய சரக்கை அவர்கள் தலையில் கட்டினார்கள். தன் பங்கில் நூற்றுக்கு 93 விற்றுத் தீர்ப்பவனுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி!

ராக்கெட் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால், எல்லாம் எண்கள்தாம், இங்கே ஊதியம் அதிகம் என்கிறான் சல்லிவன். வேலையிழந்த அந்த மேலதிகாரியோ முன்பு பாலம் கட்டிய பொறியாளர். அந்தப் பாலத்தால் பயணத்தில் வீணாகாமல் மக்களுக்கு மிஞ்சிய காலம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் என்று மனக்கணக்காகவே சொல்கிறார். இந்த இரு கணக்குகளுக்கும் இடையில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

நண்பர்களே, ஊதியத்தை நான் பழிக்கவில்லை. கடன் வாங்கி வெளிமாநிலத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் நம்மில் பலர். ஊரில் வட்டி வளர்கிறது. தம்பி தங்கையரின் படிப்பு காத்திருக்கிறது. நிதித்துறையே தீது என்பதும் பேதைமை. உழவனுக்கும் பட்டறைக்காரனுக்கும் கடன் தருவதும் அத்துறைதானே! ஆனால், எல்லாம் எண்கள்தாம் என்னும் பேச்சை மட்டும் ஏற்க இயலாது. ஆய்வுக்கூடத்தில் தனக்கு ஒவ்வாத அளவை மறைப்பவனை விஞ்ஞானி என்போமா? ஆபத்தை அறிந்தும் வாய்மூடி விற்பவனுக்கு மட்டும் வேறு நீதியா?

படத்தின் முடிவில் யாரையும் காவலர் பிடித்துச் செல்வதில்லை. தடுத்திருக்க வேண்டியது சட்டத்துக்கு முன்பே அவர்கள் நெஞ்சம். நாளை நம் வளாகத்துக்கு ஆள்தேடி வருவோர் ஊதியத்தைச் சொல்வார்கள். என் கணக்கால் வாழப்போவது யார், வீழப்போவது யார் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.