மறைத்து வைத்த படை



பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர். 83 கலவரத்தின் பின் வன்னிக்குப் போய், 2009 க்குப் பிறகு திரும்பி வந்தவர். படங்கு கட்டும் இடுப்பிலும் தொடையிலும் அவருக்குப் பல வருடங்களாகப் படை.

"முகாம்ல ஒட்டின சொறி தங்கச்சி, போகவே மாட்டேங்குது" என்றார். கடையில் வாங்கிய மருந்தைப் பூசினால் மங்குமாம். நிறுத்தினால் திரும்ப வருமாம். படை இருந்த இடத்தை நினைத்து யாரிடமும் காட்டவில்லை.

ஒருவாறு சம்மதிக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தோலில் சிறு துண்டெடுத்துச் சோதித்தார்கள். முதற்தடவை தெளிவான முடிவு வரவில்லை. இரண்டாம் தடவைதான் தெரிந்தது: அது சொறியல்ல, தோலில் வரும் அரிய நிணநீர்ப் புற்றுநோய்.

இதன் பெயர் மைக்கோசிஸ் ஃபங்கொய்டிஸ். 1806 இல் பாரிஸ் வைத்தியர் அலிபேர் கண்ட நோயாளியின் கட்டிகள் காளான் போல இருந்ததால் வந்த பெயர். உண்மையில் இது காளானால் வருவதல்ல. உடம்பைக் காக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை, தோலில் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே காரணம். இது யாருக்கும் ஒட்டாது.

இதன் அறிகுறிகள் எவை?

● வெயில் படாத இடுப்பு, தொடை, பிட்டம், மார்பு ஆகிய இடங்களில் வறண்ட, செதில் உதிரும் படைகள். நம் போன்ற கருமை நிறத் தோலில் தேமல் போல வெளிறியும் தோன்றலாம்.

● பெரும்பாலும் அரிப்பு.

● வருடக்கணக்கில் மாறாமலிருந்து சிலருக்குத் தடிப்பாவது. பின்னர் கட்டியாகிப் புண்ணாவது.

● முற்றினால் கழுத்து, கக்கம், அரையில் நெறி கட்டுவது.

எல்லாப் படையும் புற்றுநோயல்ல. மிகப் பெரும்பாலானவை சாதாரண தோல் நோய்களே. ஆனால் மாதக்கணக்கில் மாறாத, மாறியும் திரும்ப வரும் படையை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். ஆரம்பத்தில் கண்டறிந்தால் பூச்சு மருந்தாலும் ஒளிச் சிகிச்சையாலும் கட்டுப்படுத்தலாம். அப்படிப்பட்டவர்களில் பலர் முழு ஆயுளும் வாழ்கிறார்கள்.

தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு பதுளை பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்கிற்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். இதுவரை பூசிய மருந்தின் டியூப்பையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கூச்சமாக இருந்தால் ஒரு தோழியை அழைத்துச் செல்லுங்கள். பெண் தாதி ஒருவர் கூட நிற்க வேண்டுமென்றும் கேட்கலாம்.

அந்த அக்கா இப்போது கிளினிக்கிற்கும் போகிறார், மலைக்கும் போகிறார். "முன்னாடியே காட்டியிருக்கலாம் தங்கச்சி" என்பது மட்டுமே அவருடைய கவலை. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.