மாவும் சீனியும் ஊதிய உடம்பு வசதியின் அடையாளமா?



மாகாணங்களுக்கு இடையிலான பயணத் தடை நீங்கியதும் சங்க வேலையாகத் திருகோணமலைக்குப் போனோம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டுப் போய் அந்த மாவட்டத்தில் குடியேறிய எங்கள் சொந்தங்கள் துறைமுகப் பக்கம் இன்றும் நாட்கூலிகளாகத்தான் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் வாசற்படியில் போனும் பிஸ்கட்டுமாக இருந்தான். எழுந்து நடந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. "கடற்கரைப் பக்கம் விட்டாப் பொலிஸ் புடிக்கும்னு ஊரடங்கு நேரம் உள்ளுக்குள்ளயே வச்சிருந்தோம் தம்பி. ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும்தான். ஊதிப் போயிட்டான்" என்றார் அவனுடைய அம்மாயி.

அந்தப் பையன் எங்களுக்குப் புதியவன் அல்ல. 2021 ஒக்டோபர் 21 ஆம் திகதி இருநூறுக்குக் குறைந்த மாணவர் உள்ள ஆரம்பப் பாடசாலைகள் திறந்தபோது, எங்கள் வகுப்பிலும் இவனைப் போன்ற பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். சில பிள்ளைகள் முன்பைவிட மெலிந்திருந்தார்கள். வேறு சிலருக்குக் கால்சட்டைப் பொத்தான் பூட்டவில்லை. வளரும் பிள்ளைக்கு உடுப்புச் சிறுப்பது இயல்பு. ஆனால் இவர்கள் வளர்ந்தது உயரத்தில் அல்ல, வயிற்றில். இதைப் பார்த்த தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இப்ப சாப்பாடு கூடிப்போச்சு போல, மாஸ்டர்!"

அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

கூடியது சாப்பாடு அல்ல ஐயா, மாவும் சீனியும். முட்டையும் மீனும் பருப்பும் கீரையும் குறைந்தன. ஓட்டமும் விளையாட்டும் நின்றுபோயின.

திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் போனவர்களுக்குப் பிரிமா மா ஆலை தெரியும். 1980 முதல் அங்கே கப்பலில் கோதுமை இறங்கி மாவாகிறது. துறைமுகத்தில் இருந்து மலை வரைக்கும் ஏழையின் மூன்று வேளையும் கோதுமை மாவில்தான் நிற்கிறது. மாவை நாங்கள் பழிக்கவில்லை. 1974 பஞ்சத்தில் அந்த மாவும் கிடைக்காமல் எங்கள் பாட்டன் பூட்டன் பட்டதை மறக்கவும் இல்லை. ஆனால் மா வயிற்றை நிரப்புமே தவிர, பிள்ளையின் எலும்பையும் இரத்தத்தையும் அது மட்டும் வளர்க்காது.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு என்ன சொன்னது? வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். பெருந்தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். சின்ன வயதில் சத்தில்லாமல் குட்டையாகிப்போன பிள்ளைக்குப் பிறகு மாவும் சீனியும் மட்டும் கிடைத்தால், உடம்பு கொழுப்பைச் சேர்க்கிறது. அதே பிள்ளைக்கு இரத்தசோகையும் இருக்கலாம். நாளைக்குச் சீனி வியாதியும் பிறஷரும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே குண்டுப் பிள்ளையும் பட்டினியின் பிள்ளையாக இருக்க முடியும்.

இது உலகம் முழுதும் நடந்தது. அமெரிக்காவில் 4 லட்சத்து 32 ஆயிரம் பிள்ளைகளின் அளவுகளை ஆராய்ந்து, உயரத்துக்குத் தக்க எடையை மீறிக் கூடும் வேகம் கொரோனாக் காலத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. பாடசாலை மூடினால் பிள்ளையின் நேரமும் சாப்பாடும் ஓட்டமும் ஒன்றாகக் குலைகின்றன. தோட்டத்தில் அது இன்னும் மோசம். நாடு வீட்டுக்குள் இருந்தபோதும் கொழுந்தெடுக்கப் போனவர்கள் நாங்கள். தாய் மலையில், பிள்ளை லயத்துக் காம்பராவில், கையில் போன், பக்கத்தில் கடைப் பலகாரம். இதில் தாயைக் குற்றம் சொல்ல எவருக்கு வாய் இருக்கிறது?

குற்றம் எங்கே என்று கேளுங்கள். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயில் இருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். அரசுக்கு 1,500 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று நாடாளுமன்றத்தின் நிதிக் குழுவிலேயே பேசப்பட்டது. அதற்கேற்பக் கடையில் விலை இறங்கவில்லை. அந்தப் பணம் எங்கள் பிள்ளைகளின் தட்டில் ஒரு முட்டையாகவும் வரவில்லை. 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. உடனே பல தோட்டங்களில் கொழுந்துக் கிலோவைக் கூட்டி அரைப்பேர் போட்டார்கள். அரைப்பேர் வாங்கும் வீட்டில் மீன் எப்படி வேகும்?

நாங்கள் செய்யவேண்டியதும் உண்டு. சோடாப் போத்தலில் உள்ள வட்டத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்தால் பத்துத் தேக்கரண்டியைப் போலச் சீனி உள்ளே போகிறது. தேத்தண்ணியில் சீனியைக் கரண்டி கரண்டியாகக் குறையுங்கள். லயத்துக்குப் பின்னால் கீரை போடுங்கள். பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், "குண்டா" என்று கூப்பிடாதீர்கள். தினம் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாட விடுங்கள்.

ஆனால் வீட்டில் செய்வது மட்டும் போதாது. ஆகவே கேட்கிறோம்:

1. தோட்டப் பாடசாலைகளில் எல்லா வகுப்புக்கும் மதிய உணவு வேண்டும். அதில் முட்டையோ மீனோ பருப்போ, கீரையோடு இருக்கவேண்டும்.

2. ஒவ்வொரு தவணையும் பிள்ளைகளின் உயரமும் எடையும் அளந்து பெற்றோருக்குச் சொல்லவேண்டும். மெலிந்தவரையும் பருத்தவரையும் குடும்பநல உத்தியோகத்தர் தொடர்ந்து பார்க்கவேண்டும்.

3. ஒவ்வொரு டிவிசனிலும் பிள்ளைகளுக்கு விளையாட ஒரு துண்டு நிலம் வேண்டும். ஆயிரம் ஏக்கரில் தேயிலைக்கு இடமிருக்கிறது, பிள்ளைக்கு இல்லையா?

4. கிலோவைக் கூட்டாமல், அரைப்பேர் போடாமல் முழுச் சம்பளம் வேண்டும்.

அடுத்த மாதர் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகளின் வளர்ச்சி அட்டையையும் கொண்டு வாருங்கள். எல்லா அட்டைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு துரையின் மேசைக்குப் போவோம். சாப்பாடு கூடிப்போச்சு என்று அங்கே எவராவது சொன்னால், எங்கள் வீட்டுச் சட்டியை வந்து திறந்து பார்க்கச் சொல்வோம்.