கடற்கரை யார் வீட்டுச் சொத்து?

குமரிக் கடலோரத்தில் ஓட்டல்கள் உயரட்டும்; சன்னலைத் திறந்தால் அலை தெரியட்டும்; பணம் படைத்தோர் தங்கி மகிழட்டும். நமக்குப் பொறாமை இல்லை! ஆனால், ஓட்டலுக்கு முன்னுள்ள மணலும் ஓட்டலுக்கே சொந்தம் என்றால், நாம் ஒப்பமாட்டோம்.

சீமான்களுக்கு அந்த மணல் காட்சி. கரமடி இழுக்கும் தோழர்களுக்கோ அதுவே தொழிற்கூடம். வள்ளம் ஏற்ற, வலை உலர்த்த, மீன் காயவைக்க அவர்களுக்கு வேறு இடம் ஏது?

1991-இல் மத்திய சர்க்கார் விதி வகுத்தது: ஊர்ப்புறக் கடற்கரையில், உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்று. 1994-இல் அதைத் தளர்த்தும் அதிகாரத்தைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. 1996-இல் உச்சநீதிமன்றம் அந்த அதிகாரத்தை வெட்டி எறிந்தது. 2019-இலோ புது விதி வந்தது: மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களில் 200 மீட்டரை 50 மீட்டராகச் சுருக்கலாமாம்! ஏழைகள் நெருங்கி வாழ்வதே, எல்லையைச் சுருக்கக் காரணமா?

2004 டிசம்பர் 26-இல் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் உயிர்களைச் சூறையாடிய ஆழிப்பேரலை, 50 மீட்டர் என்று அளந்து பார்த்தா நின்றது?

நாம் கேட்பது சலுகையல்ல, உரிமை. கடலுக்குச் செல்லும் ஊர்ப்பாதைகளும், வலை உலர்த்தும் களங்களும் கடற்கரை வரைபடத்தில் ஒன்று விடாமல் பதியவேண்டும். அவற்றை அடைக்கும் வேலி அகலவேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் நாளில், தோழர்களே, மண்டபம் நிறையட்டும்! வரைபடத்தில் விடுபட்ட பாதை, நாளை வாயிற்காவலன் மறிக்கும் பாதை!