பாட்டு உண்டு, பயன் இல்லை

எனக்கு வலச் செவி கேளாது. இளமையில் வந்த கூகைக்கட்டு அதனை வாங்கிக்கொண்டு போயிற்று. இடச் செவி ஒன்றையே துணைக்கொண்டு படித்தேன், படிப்பித்தும் வருகின்றேன். அதனை ஒரு குறையென்று நினைத்ததில்லை. சென்ற மாதம் நினைத்தேன்.

காலஞ்சென்ற எங்கள் ஆசிரியர் புராண படனத்திலே பயன் சொன்ன பழைய ஒலிநாடா ஒன்று கிடைத்தது. ஒருவர் செய்யுளை வாசிக்கின்றார். ஆசிரியர் பயன் விரிக்கின்றார். பதிவு செய்தவர் ஆளுக்கொரு ஒலிவாங்கி வைத்திருக்கின்றார். வாசிப்பு இடத் தடத்தில்; பயன் வலத் தடத்தில். நான் செவிக்கருவியை மாட்டினேன். பாட்டு உண்டு, பயன் இல்லை!

என் மாணவர் ஒருவர், "ஐயா, மொனோவாக்கித் தருகின்றேன்" என்றார். மறுநாள் தந்தார். இப்பொழுதும் பாட்டே கேட்டது. அவர் செய்தது யாது? இடத் தடத்தை இருபுறமும் படியெடுத்து, வலத் தடத்தை விட்டுவிட்டார். ஒன்றாக்குதல் வேறு, ஒன்றை விடுதல் வேறு. இந்த வேறுபாடு அறியாமற் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றுவோர் பலர் உளர் என்று அஞ்சுகின்றேன். அவ்வச்சமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒன்றாக்குதலாவது இடத்தையும் வலத்தையும் கூட்டி இரண்டாற் பகுத்தல். பகுப்பது எதற்கெனில், இரு தடத்திலும் ஒப்ப நிற்கும் ஒலி கூட்டும்போது இருமடங்காகும். அது கருவியின் எல்லையை மீறிக் கரகரக்கும்.

கூட்டல் எளிது, புணர்ச்சி எளிதன்று. நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்து இயல்பும் உண்டு, விகாரமும் உண்டு என்பது இலக்கணம். ஒலித் தடங்களுக்கும் அஃதொக்கும். ஒருவர் பேச மற்றவர் வாளாவிருப்பின் இயல்பு. குரல் சற்றே தாழ்வதன்றி வேறு கேடில்லை. ஒரே குரல் இரு ஒலிவாங்கிகளையும் முன்பின்னாகச் சென்றடையின் திரிதல். ஓராயிரத்தில் ஒரு விநாடி பிந்தினும் போதும். 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் ஆகிய சுருதிகள் தேய்ந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். ஓர் ஒலிவாங்கியின் கம்பிகள் தலைமாறியிருப்பின் கெடுதல். ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் விழுங்கும்.

இக்கெடுதலையும் கண்டேன். மற்றோர் ஒலிநாடாவை முறைப்படி கூட்டியபோது ஆசிரியர் குரல் ஏறக்குறைய மறைந்தது. மண்டபத்தின் எதிரொலி எஞ்சியது. மாணவர் ஒரு தடத்தைத் தலைகீழாக்கி மீண்டும் கூட்டினார். குரல் முழுமையாக வந்தது. கூட்டிய பின் ஒருமுறை கேளாதிருந்தால், 'பதிவு பழுது' என்று ஒதுக்கியிருப்போம்.

இரு தடப் பதிவை நான் பழிப்பேனல்லேன். இங்கிலாந்தில் அலன் புளூம்லீன் என்பார் 1931இலேயே அதற்கு உரிமம் கோரினார். இரு செவியுடையார்க்கு அது பெருவிருந்து. ஆனால், அதனைப் பரப்பிய முன்னோர் ஒற்றைக் கருவிக்காரரை மறந்தாரல்லர். 1961இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்ரீரியோ பண்பலை ஒலிபரப்பிலே இரு தடங்களின் கூட்டுத்தொகையே முதன்மையாகச் செல்லும். வேறுபாடு தனியே செல்லும். பழைய வானொலிப் பெட்டி கூட்டுத்தொகையைப் பெற்று முழு நிகழ்ச்சியையும் பாடும். பீற்றில்ஸ் குழுவினரின் 1963ஆம் ஆண்டுப் பதிவுகளிலும் குரல் ஒரு தடத்தில், வாத்தியம் ஒரு தடத்தில் நின்றன. பின்னர் அளவறிந்து மொனோவாகக் கலப்பதற்கே அவ்வாறு பிரித்தனர். பிரித்தபடியே ஸ்ரீரியோ இசைத்தட்டாகவும் வந்தபோது, ஒரு செவியார்க்கு எய்தியது பாதிப் பாட்டு.

ஆதலின், பழம் பதிவுகளைக் காக்கும் அன்பர்களை மூன்று வேண்டுகின்றேன். இரு தடமுள்ள மூலத்தை அவ்வண்ணமே பேணுக. கூட்டியதைப் பிரித்தல் அரிது. கேட்போர்க்கு வழங்கும் படியைக் கூட்டியும் வழங்குக. வழங்குமுன் ஒற்றை ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்க. மூன்றாவதற்குப் பொறியியல் அறிவு வேண்டா, பொறுமை போதும்.

என்போன்ற ஒரு செவியார்க்கும் ஒன்று சொல்வேன். இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் ஒலியை மொனோவாக்கும் வசதி அமைப்புகளுக்குள்ளே இருக்கின்றது. பல ஆண்டு கையில் வைத்திருந்தும் யான் அறிந்திலேன். மாணவரே காட்டினார்.

இப்பொழுது பாட்டும் கேட்கின்றேன், பயனும் கேட்கின்றேன்.