மாடியில் கழன்ற மறை

மணலி புதுநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இன்றும் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்த அலுமினியக் கம்பிகளை உப்புக்காற்றும் காக்கைகளும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. இப்போது துணிக்கொடியின் ஒரு முனையைத் தாங்குவதே அதன் வேலை. பழைய இரும்பு எடுப்பவர் வரும்போதெல்லாம் விலை கேட்கிறார். கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பழைய நாட்களின் மீதான ஏக்கம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஏக்கமும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அந்தக் குழாயின் உச்சியில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு ஒழுங்கு உண்டு. அதைப் பற்றி நம் இலக்கிய வட்டங்கள் பேசுவதே இல்லை என்பதால் இங்கு பேசத் தோன்றுகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. நிலையம் இருக்கும் சுவாமி சிவானந்தா சாலையிலிருந்து எங்கள் ஊர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. வேதாரண்யத்திலும் ராமேஸ்வரத்திலும் இருந்தவர்கள் 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்க உயர்த்திய கம்பங்களோடு ஒப்பிட்டால், எங்களுடையது ஒரு தொலைவே அல்ல. ஆயினும் எங்களுக்குத் தெற்கே மணலியின் ஆலைகள் நின்றன. நேராக வரும் அலையோடு, உலோகக் கோபுரங்களில் பட்டுச் சற்றுத் தாமதித்து வரும் அலையும் சேரும். செய்தி வாசிப்பவரின் வலப்பக்கத்தில் எப்போதும் மங்கலான இன்னொருவர் அமர்ந்திருப்பார். அவரோடு வாழ நாங்கள் பழகிக்கொண்டோம்.

பழக முடியாதது வேறொன்று. வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’ தொடங்கும் நேரம் பார்த்துத் திரை முழுக்கக் கொசு பறக்கும். அப்பா மாடிக்கு ஓடுவார். மூத்தவன் படிக்கட்டில், அம்மா பெட்டியருகில். “வருதா?” என்று மேலிருந்து ஒரு குரல். “வருதாம்மா?” என்று நடுவிலிருந்து ஒரு குரல். “கொஞ்சம் வருதுங்க... ஐயோ, போச்சு!” என்று கீழிருந்து ஒரு குரல். அப்பா குழாயைத் தெற்கே திருப்புவார், கிழக்கே திருப்புவார், கடைசியில் கோபத்தில் ஒரு குலுக்குக் குலுக்குவார். படம் வந்துவிடும். அவர் கையை எடுத்ததும் போய்விடும். அவர் அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் கீழே பாட்டுப் பார்த்த இரவுகளும் உண்டு. இன்று எண்ணிப் பார்க்கையில் நாணமாக இருக்கிறது.

நிலையத்தார்தான் ஒளிபரப்பைச் சரியாகச் செய்யவில்லை என்பது அப்பாவின் உறுதியான முடிவு. கண்டித்து ஓர் அஞ்சலட்டையும் எழுதி வைத்திருந்தார். அதை அஞ்சலில் சேர்க்குமுன் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் மாடிக்கு வந்தார். ஆலை ஒன்றில் கருவிகளைப் பழுது பார்ப்பவர். அவர் கம்பத்தைத் திருப்பவில்லை. முதலில் கீழே திரையைத்தான் பார்த்தார். “நிழல் அசையாம நிக்குதுன்னா அது வெளியிலேர்ந்து வர்றது சார். எப்பவும் ஒரே மாதிரி கொசு பறந்தா சிக்னல் பத்தல. காத்தடிக்கும்போது மட்டும் வந்து வந்து போகுதுன்னா, உங்க வீட்டு மறைதான் கழண்டிருக்கு” என்றார். மறை கழன்றவன் என்று நம் ஊரில் யாரைச் சொல்வார்கள் என்பது தெரிந்திருந்ததால் நாங்கள் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

மேலே போய்ப் பார்த்தால் அவர் சொன்னதே சரி. பட்டை வயரின் இரண்டு செம்புக் கம்பிகளில் ஒன்று அலுமினியக் குழாயோடு பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சந்தித்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. அலுமினியம் அரிபட்டு வெண்பொடியாக உதிர்கிறது. செம்பு பச்சையாகப் பூக்கிறது. எண்ணூர்க் கடற்காற்று வீசும் இடத்தில் இது விரைவாக நடக்கும். மறையை மேலும் முறுக்கினால் போதாது என்றார் அண்ணன். வயரில் ஓரங்குலம் வெட்டி எறிந்தார். புதுச்செம்பு மின்னும்வரை சுரண்டினார். அலுமினியத்தை உப்புத்தாளால் தேய்த்தார். வாஷர் போட்டு இறுக்கி, கிரீஸ் தடவி, மேலே எம்-சீல் வைத்து அடைத்தார். மழைநீர் வயர் வழியே வீட்டுக்குள் வராமல் சொட்டிப் போக, ஜன்னலருகே வயரைத் தாழ்வாக ஒரு வளையம் விட்டார். அரைமணி நேர வேலை. அஞ்சலட்டை அலமாரியிலேயே தங்கிவிட்டது.

அந்தக் கம்பிகளின் வரலாறும் இதே பாடத்தைச் சொல்வது. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் உதாவும் யாகியும் 1926இல் உருவாக்கிய வடிவம் அது. சொந்த நாட்டில் அதற்குப் பெரிய கவனிப்பு இல்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படை, பிரிட்டிஷ் ராடார் குறிப்புகளில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்டு பொருள் புரியாமல் விழித்தது. அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று ஒரு கைதிதான் சொல்ல வேண்டியிருந்தது. கையருகே இருப்பதைக் கடைசியாகப் பார்ப்பது எல்லா ஊர்களிலும் உள்ள பழக்கம் போலும்.

சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் தொலைக்காட்சியை முட்டாள்பெட்டி என்று ஒதுக்கியதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பெட்டியைச் சாக்கிட்டு வீடுகளில் நிகழ்ந்த இந்தப் பயிற்சியையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டோம். நம் கதைகளில் ஆன்டெனா வரும். அதன் மேல் காக்கை உட்காரும். நகர வாழ்வின் வெறுமைக்கு அது குறியீடாகும். அதன் மறையை ஒருவர் முறுக்குகிற காட்சியை நாம் படித்த கதைகளில் தேடித்தான் எடுக்க வேண்டும். பிழையின் தன்மையைக் கொண்டு பிழையின் இடத்தைக் கண்டுபிடிப்பது விமர்சகனின் வேலையும் அல்லவா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. உன் வீட்டை முதலில் பார் என்பது அதிகாரத்தில் இருப்போருக்கு மிகவும் பிடித்த வாசகம். நெடி வருகிறதென்றால் ஜன்னலைச் சாத்து, வெள்ளம் வருகிறதென்றால் தரையை உயர்த்து என்று வடசென்னை நிறையக் கேட்டிருக்கிறது. ஆனால் அந்த அரைமணி நேரம் அப்பாவுக்குப் பணிவைக் கற்றுத் தரவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தெருவில் மழைநீர் தேங்கியபோது அவர் உரிய அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். எங்கள் வாசல் கால்வாயை நாங்களே தூர்வாரிவிட்டோம், தெருமுனைவரை அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டோம், அதன் பிறகும் நீர் வடியவில்லை, ஆகவே அடைப்பு உங்கள் பக்கத்தில் இருக்கிறது என்பது மனுவின் சாரம். தன் முனையைச் சோதித்தவனின் கேள்விக்கு ஒரு கூர்மை உண்டு. அதை ஜன்னலைச் சாத்தச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியபோது, இப்பகுதி மக்கள் தம் சுவர்களையும் படகுகளையும் தாமே துடைத்தார்கள். பிறகு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள்.

அந்தக் கூர்மை மழுங்கிவருகிறது என்பதே நமது கவலை. 1993இல் சன் டிவி வந்தது. கேபிள் தெருவெங்கும் பரவியது. கம்பங்கள் கவனிப்பாரற்றுப் போயின. பிரசார் பாரதி தன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022க்குள் நிறுத்திவிட்டது. மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, படமும் துல்லியமாக வருகிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்று படம் நின்றால் நாம் செய்யக்கூடியது பெட்டியை அணைத்துப் போடுவதும் ஓர் எண்ணை அழைத்துக் காத்திருப்பதும்தான். பிழை நம்முடையதா அவர்களுடையதா என்று தெரியாதவர்களுக்குப் பணிந்து கேட்பதும் திட்டித் தீர்ப்பதுமே மிஞ்சுகின்றன.

போன வாரம் துணிக்கொடி தளர்ந்து துணிகள் தரையைத் தொட்டன. கயிறு பழையதாகிவிட்டது என்று வீட்டில் பேச்சு. மேலே போய்ப் பார்த்தோம். கயிறு நன்றாகத்தான் இருந்தது. குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்பின் மறை கழன்றிருந்தது.

துருவைச் சுரண்டி முறுக்கிவிட்டு வந்தோம். இரும்புக்காரர் அடுத்த முறையும் விலை கேட்பார்.